கையால் சாயமிட்ட மெரினோவில் இரண்டு சிட்டம்: பட்டையா, மொசைக்கா, ஃபேர் ஐலா, பிரியோஷா?

கையால் சாயம் போட்ட மெரினோ ஆட்டுக் கம்பளி நூலில் இரண்டு சிட்டம் கைவசம் இருக்கிறது. ஒன்று அடர்நீலம், இன்னொன்றில் ரோஜாவும் ஆரஞ்சும் சாம்பலும் மாறி மாறி ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்துத் தலைக்கு ஒரு குல்லாவோ, கழுத்துக்கு வளையமாகப் போடும் ஒரு கவுலோ, மஃப்ளரோ பின்ன ஆசை. ஆனால் எந்த முறையில்? பின்னல் கற்று ஓரிரண்டு வருடம் ஆனவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. நிட், பர்ல் இரண்டும் கை பழகிவிட்டது, முதல்முறையாகக் கொஞ்சம் விலை கூடிய நூல் வாங்கியாகிவிட்டது, அதை வீணாக்கிவிடுவோமோ என்ற பயம். நியாயமான பயம்தான். வர்த்மான் அக்ரிலிக் நூலைப் பத்து முறை பிரித்துப் பின்னினாலும் தாங்கும். மெரினோ அப்படித் தாங்காது. சீக்கிரமே பஞ்சு பஞ்சாகக் கிளம்பிவிடும்.

பலரும் முதலில் ஒரு படத்தைப் பார்த்து மயங்கி, அந்த முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கையில் இருக்கும் நூலை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கையால் சாயமிட்ட சிட்டத்தில் ஏற்கெனவே ஒருவருடைய வடிவமைப்பு இருக்கிறது. இரண்டாவது நிறமும் பின்னல் முறையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அதனால் முடிவு சிட்டத்திலிருந்து தொடங்கட்டும், முறை அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

சிட்டத்தின் குணம். கையால் சாயமிட்ட நூலைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் ஒரே நிறம்தான், ஆனால் சாயம் ஒரே சீராக ஏறாமல் இங்கே அடர்த்தி, அங்கே வெளுப்பு என்று அலையாக இருக்கும். இதை டோனல் என்கிறார்கள். இரண்டாவது பல நிறங்கள் அடுத்தடுத்து வரும் வேரிகேட்டட். மூன்றாவது வெள்ளை அல்லது வெளிர் நிறத்தின் மேல் சாயத்தூளைத் தெளித்த புள்ளி நூல், ஸ்பெக்கிள்ட். பல நிறச் சிட்டம்தான் மிகவும் அடம்பிடிக்கும்.

காரணம் இதுதான். சிட்டம் என்பது ஒரு பெரிய வளையம். ஒரு சுற்று பெரும்பாலும் 1.5 மீட்டரை ஒட்டி இருக்கும். சாயம் போடுபவர் அந்த வளையத்தின் ஒரு பகுதியில் ரோஜா, ஒரு பகுதியில் ஆரஞ்சு என்று ஊற்றுகிறார். ஆகவே நூல் நெடுக, ஒவ்வொரு 1.5 மீட்டருக்கும் அதே நிற வரிசை திரும்ப வரும். இப்போது பின்னலுக்கு வருவோம். சாதாரண நிட் பின்னலில் ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு நூல் தேவை. குல்லாவின் சுற்றளவு 50 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர். அதாவது சிட்டத்தின் ஒரு வளையத்துக்குச் சமம்! ஒவ்வொரு சுற்றிலும் ஆரஞ்சு கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து விழும். சிட்டத்தில் அவ்வளவு அழகாக இருந்த நூல் குல்லாவில் ஒரு பக்கம் ஆரஞ்சுத் திட்டாகவும் மறுபக்கம் சாம்பல் திட்டாகவும் தேங்கிவிடுவது இதனால்தான். குல்லா, கவுல் மாதிரிச் சிறிய சுற்றளவு உருப்படிகளில் இந்தத் தேக்கம் அதிகம் தெரியும்.

இரண்டு நிறத்துக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம். இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைபேசியில் படமெடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரியும். கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டால் கோலமோ கட்டமோ போட்டுப் பயனில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல நிறச் சிட்டம் என்றால் அதிலுள்ள ஒவ்வொரு நிறமும் மற்ற சிட்டத்தோடு ஒத்துப்போய்விடாமல் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நூலின் அளவு. 100 கிராம் என்பது எடை மட்டும்தான். மெல்லிய ஃபிங்கரிங் நூலில் 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும். தடித்த வொர்ஸ்டட் நூலில் 200 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். உருகுவேயின் மாலாப்ரிகோ நிறுவனத்தின் நூல்களையே எடுத்துக்கொண்டால், சாக் என்ற வகையில் 100 கிராமுக்கு 402 மீட்டர், ரியோஸ் வகையில் 192 மீட்டர். சில முறைகள் நூலைத் தின்னும். அதோடு, இரண்டு நிறமும் சமமாகச் செலவாகுமா என்பதும் முக்கியம். 100 கிராம் ஒன்று, 50 கிராம் ஒன்று வைத்திருப்பவருக்கு எல்லா முறையும் பொருந்தாது.

பின்பக்கம். குல்லாவுக்கு உள்பக்கம் யாருக்கும் தெரியாது. மஃப்ளருக்கு இரண்டு பக்கமும் தெரியும். கவுல் இரண்டுக்கும் நடுவில். உயரமான கவுல் மடிந்து விழும்போது உள்பக்கம் எட்டிப் பார்க்கும்.

நீட்சி. குல்லா தலையைப் பிடிக்க வேண்டும். கவுலைத் தலை வழியாகப் போட்டு எடுக்க வேண்டும். மஃப்ளருக்கு இந்தக் கவலை இல்லை.

தவறைத் திருத்தும் வசதி. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னுபவருக்கும், இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கும் இதுதான் பெரிய அளவுகோல்.

## 1. பட்டைகள்

ஒரு நிறத்தில் சில வரிசை, மறு நிறத்தில் சில வரிசை. இதைவிட எளிது கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் கையில் இருக்கும். துணியின் நீட்சி மாறாது, நூல் கூடுதலாகச் செலவாகாது. சிட்டம் இரண்டும் சமமில்லை என்றாலும் பட்டையின் அகலத்தை அதற்கேற்றாற்போல மாற்றிக்கொள்ளலாம். பல நிறச் சிட்டத்துக்கும் இது நல்லது. நடுநடுவே அமைதியான நிறம் வருவதால் திட்டுகள் அடுக்கடுக்காகச் சேராமல் உடைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு சுற்றாகப் பின்னும்போதுதான் தெரியும். சுற்றுப் பின்னல் என்பது உண்மையில் சுருள். ஒரு சுற்றின் முடிவு அதன் தொடக்கத்தைவிட ஒரு படி மேலே இருக்கும். நிறம் மாறும் இடத்தில் அந்தப் படி ஒரு வெட்டாகத் தெரியும். இதை மறைக்கப் பல வழிகள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது சுருளைச் சுருளாகவே விட்டுவிடுவது, ஹெலிகல் முறை. சுற்றின் ஒரு இடத்தில் நீலத்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ரோஜாவை எடுத்து, நீலம் தொங்கும் இடத்துக்கு மூன்று கண்ணி முன்னால் வரை பின்ன வேண்டும். அந்த மூன்று கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு நகர்த்தி, ரோஜாவை விட்டுவிட்டு நீலத்தை எடுக்க வேண்டும். அப்புறம் அது ரோஜாவைத் துரத்தும். ஒன்றையொன்று தாண்டவிடக் கூடாது, நூலை முறுக்கக் கூடாது, மாற்றும் இடத்தில் இழுத்துப் பிடிக்கவும் கூடாது. வெட்டே தெரியாத ஒற்றை வரிசைப் பட்டை கிடைக்கும்.

கைச்சாய நூலில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே பெயர், ஒரே பானையில் சாயமிட்டது என்றாலும் இரண்டு சிட்டம் அச்சாக ஒன்றுபோல இருக்காது. அப்படி இரண்டு சிட்டத்தைக் கலக்க வேண்டுமென்றாலும் இதே ஹெலிகல் வித்தைதான் கைகொடுக்கும்.

மஃப்ளராக நேர்ப்பின்னலில் பட்டை போட்டால் ஓரத்தில் நூலை மேலே ஏற்றிக்கொண்டு போகலாம். இரண்டு அல்லது நான்கு வரிசைப் பட்டைக்கு அது சரி. அகலப் பட்டை என்றால் வெட்டிவிட்டு நுனியைச் செருக வேண்டும். அந்த நுனிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வழுக்கும் மெரினோவில் குட்டையாக விட்ட நுனி துவைத்தபின் வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. இருக்கட்டும்.

## 2. மொசைக்

படத்தில் பார்த்தால் ஒரே வரிசையில் இரண்டு நிறம் பின்னியது போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு இரண்டு வரிசையும் ஒரே நிறம். சில கண்ணிகளை மட்டும் பின்னாமல் நகர்த்திவிடுகிறோம். கீழ் வரிசையிலிருந்த மறு நிறக் கண்ணி நீண்டு மேலே வந்து கோலத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நேர்ப்பின்னலில் முன்பக்க வரிசைக்கு மட்டும் கட்டம் போட்ட கோலப் படத்தைப் பார்த்தால் போதும். திரும்பி வரும்போது பின்னியதைப் பின்னி, நகர்த்தியதை நகர்த்தினால் வேலை முடிந்தது. சுற்றுப் பின்னலிலும் இரண்டாவது சுற்று முதல் சுற்றின் நகல்தான். பாதி நேரம் படமே பார்க்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதி.

கைச்சாய மெரினோவுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒன்று, இரண்டு நூலையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியதில்லை, அதனால் இழுவிசைத் தகராறு குறைவு. இரண்டு, நகர்த்திய கண்ணிகளில் நூல் செலவாகாததால் ஒரு வரிசைக்கு ஆகும் நூலின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். 1.5 மீட்டர் கணக்கு குழம்பி, நிறத் தேக்கம் உடையும். மூன்று, பல நிறச் சிட்டம் கோலத்துக்குள் துண்டு துண்டாக வருவதால் ஒவ்வொரு துண்டும் ஒரு தனி நிறமாகத் தெரியும். அடர்நீலப் பின்னணியில் ரோஜாவிலிருந்து ஆரஞ்சுக்கு நகரும் கட்டங்களைப் பார்த்தால் யாரோ பத்து நிற நூல் வைத்துப் பின்னியது போலிருக்கும்.

இதற்கும் செலவு உண்டு. நகர்த்திய கண்ணிகள் துணியை மேலிருந்து கீழாகச் சுருக்கும். அதே உயரத்துக்கு அதிக வரிசை வேண்டும். அதனால் நூலும் நேரமும் சாதாரணப் பின்னலைவிடக் கூடும். துணி தடிமனாக, கொஞ்சம் விறைப்பாக வரும், நீட்சி குறையும். கவுலுக்கு இது நல்ல குணம், கழுத்தில் நின்று பிடிக்கும். குல்லாவின் விளிம்பை மட்டும் ஒரே நிறத்தில், நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் சாதாரண ரிப்பாகப் பின்னிவிடுங்கள், தலையைப் பிடிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வழக்கமாகப் போடும் ஊசியைவிட அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியில் மாதிரித் துண்டு போட்டுப் பார்ப்பது நல்லது.

வெளிச்ச வித்தியாசம் குறைவாக இருந்தால் மொசைக் வேண்டாம். இந்த முறையில் கோலம்தான் எல்லாம். கோலம் தெரியாவிட்டால் கிடைப்பது ஒரு தடித்த துணி மட்டும்தான்.

## 3. ஃபேர் ஐல் எனப்படும் இரட்டை நூல் பின்னல்

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு ஃபேர் ஐல். 1920களில் அன்றைய வேல்ஸ் இளவரசர் அந்தத் தீவின் பின்னலாடையை அணிந்து பொதுவில் வந்தபிறகு உலகமெங்கும் பேர் பரவியது. உருப்படி முழுக்கப் பல நிறம் இருந்தாலும் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் இருக்காது என்பது அந்த மரபு. பின்னாத நிறம் பின்பக்கமாக ஓடிக்கொண்டே வரும்.

இது ஷெட்லாந்து ஆட்டுக் கம்பளிக்காக வளர்ந்த முறை. அந்த நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஓடும் நூல் துவைக்கத் துவைக்கத் துணியோடு படிந்துவிடும். நாம் வாங்கும் கைச்சாய மெரினோவில் பெரும்பகுதி சூப்பர்வாஷ். கம்பளி இழையின் மேலுள்ள செதில்களைக் குளோரின் கொண்டு அரித்து, மேலே மெல்லிய பிசின் பூசி, மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி செய்திருப்பார்கள். சாயம் அதில் ஆழமாக, பளிச்சென்று ஏறும். சாயம் போடுபவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் செதில் போனால் ஒட்டும் குணமும் போய்விடும். பின்னால் ஓடும் நூல் வழுக்கும், கண்ணிகள் ஏற்ற இறக்கமாகத் தெரியும், நனைத்தால் துணி தொளதொளவென்று நீளும். இந்த முறையைப் பழகாதவர் சூப்பர்வாஷில் தொடங்கினால் குறை நூலுடையது என்று தெரியாமல் தன் கையை நொந்துகொள்வார். சூப்பர்வாஷ் அல்லாத மெரினோவில் கைச்சாயம் கிடைத்தால் தாராளமாக இறங்கலாம்.

இறங்குபவர்களுக்குச் சில விஷயங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஒரு நிறம் பின்னால் ஓட வேண்டியிருந்தால் நடுவில் ஒருமுறை கொக்கிபோல மாட்டிக்கொள்ளுங்கள். கையுறையில் இதை விட்டால் விரல் நுழைக்கும்போதெல்லாம் நூல் சிக்கும், மோதிரம் போட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம். வலது ஊசியில் பின்னி முடித்த கண்ணிகளை விரித்து வைத்துக்கொண்டே பின்னினால் துணி சுருங்காது. அப்புறம், பின்பக்கம் எந்த நூல் அடியிலிருந்து வருகிறதோ அந்த நிறம் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். கோலத்தின் நிறத்தை எப்போதும் அடியிலும் பின்னணி நிறத்தை எப்போதும் மேலேயும் வையுங்கள். பாதியில் மாற்றினால் அந்த இடத்திலிருந்து கோலம் மங்கியது போலாகும், பிறகு என்ன செய்தாலும் சரியாகாது.

பல நிறச் சிட்டத்தை இதில் போடுவதென்றால் பின்னணியாகவோ கோலமாகவோ ஏதாவது ஒன்றாக மட்டும் போடுங்கள். மறு நிறம் அமைதியாகவும், வெளிச்சத்தில் வெகுதூரமாகவும் இருக்கட்டும். கிடைக்கும் துணி இரட்டைத் தடிமன், காற்று புகாது. டொரான்டோ குளிரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ குல்லா என்றால் இதற்கு இணை கிடையாது.

## 4. இரண்டு நிறப் பிரியோஷ்

ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தும்போது அதன் மேல் நூலைச் சார்த்திவிடுகிறோம். அடுத்த முறை வரும்போது கண்ணியையும் சார்த்திய நூலையும் சேர்த்துப் பின்னுகிறோம். இதையே இரண்டு நிறத்தில் செய்தால், முன்பக்கம் ஒரு நிறத்தில் எடுப்பான நெடுங்கோடுகள், பள்ளத்தில் மறு நிறம். திருப்பினால் நிறங்கள் இடம் மாறியிருக்கும். இரண்டு பக்கமும் முன்பக்கம்தான். மஃப்ளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மெரினோவின் மென்மை முழுதாக வெளிப்படுவது இதில்தான் என்று நினைக்கிறேன். துணி பூரித்து, மெத்துமெத்தென்று வரும். டோனல் சிட்டங்களின் ஏற்ற இறக்கம் அந்த நெடுங்கோடுகளில் தண்ணீர்போல ஓடும். வெளிச்ச வித்தியாசம் குறைவாக இருக்கும் ஜோடிக்கும் இடமுண்டு. மேடு பள்ளமே கோலமாகிவிடுவதால், கரும்பச்சையும் அடர்நீலமும் போன்ற நெருங்கிய நிறங்கள் இங்கே அழகாக இருக்கும், மொசைக்கில் அவை செத்துப்போகும். பல நிறச் சிட்டம் ஒன்று, அமைதியான சிட்டம் ஒன்று என்றால் பல நிறத்தைப் பள்ளத்துக்கு அனுப்புங்கள். உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்போது நன்றாக இருக்கும்.

செலவு என்று பார்த்தால் முதலாவது நேரம். கண்ணுக்குத் தெரியும் ஒரு வரிசையைப் பின்ன இரண்டு முறை போக வேண்டும், ஒரு நிறத்துக்கு ஒரு முறை. 40 வரிசை தெரிய வேண்டுமென்றால் ஊசி 80 முறை ஓடும். நேர்ப்பின்னலில் ஒரு நிறத்தில் ஓடி முடித்ததும் துணியைத் திருப்பாமல் மறுமுனைக்கு நகர்த்தி மறு நிறத்தைத் தொடங்க வேண்டும். ஆகவே மஃப்ளருக்கும் வட்ட ஊசிதான். இரண்டாவது நூல். சார்த்திய நூலெல்லாம் சேர்ந்து, அதே பரப்புக்குச் சாதாரணப் பின்னலைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தின்னும். இரண்டு நிறமும் ஏறக்குறையச் சமமாகப் போகும், எனவே 100 கிராமும் 50 கிராமும் உள்ளவருக்கு 50 கிராம் தீரும்போது வேலையும் நின்றுவிடும். மூன்றாவது, துணி தன் பாரத்தில் தொங்கி நீளும். சூப்பர்வாஷ் என்றால் இன்னும் மோசம். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு அளவு சிறிய ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பாரம் குறைய ஃபிங்கரிங் நூலோ, அதற்கும் வொர்ஸ்டட்டுக்கும் இடைப்பட்ட தடிமனுள்ள டிகே நூலோ நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, தவறினால் திருத்துவது கடினம். ஒரு கண்ணி நழுவி இரண்டு மூன்று வரிசை இறங்கிவிட்டால் சார்த்திய நூல் எது, கண்ணி எது என்று பிரித்தறியவே நேரமாகும். பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளின் ஊடே மெல்லிய வழுவழு நூலை ஊசியால் ஓட்டிவையுங்கள், இதைத்தான் லைஃப்லைன் என்கிறார்கள். ஏதாவது ஆனால் அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம். வழுக்கும் உலோக ஊசியைவிட மர ஊசியோ மூங்கில் ஊசியோ இதற்கு ஏற்றது. நம் நாட்டு நிட்ப்ரோ மர ஊசிகள் சுலபமாகக் கிடைக்கின்றன.

## 5. டபுள் நிட்டிங்

ஒரே நேரத்தில் இரண்டு அடுக்குத் துணி பின்னும் முறை. முன்னால் நீலத்தில் வெள்ளைப் பூ என்றால் பின்னால் வெள்ளையில் நீலப் பூ. பின்பக்கம் என்று ஒன்று இல்லை, ஓடும் நூல் எல்லாம் இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒளிந்துவிடும். அழகுதான். ஆனால் ஒரு மஃப்ளருக்கு இரண்டு மஃப்ளரின் நூலும் வேலையும் ஆகும். தடித்த நூலில் பின்னினால் கழுத்தில் வளையாது. ஃபிங்கரிங் நூலும், பொறுமையும், காது மறைக்கும் ஒரு பட்டி போன்ற சிறிய உருப்படியும் இருந்தால் செய்யலாம். முதல் விலையுயர்ந்த சிட்டத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் சிட்டம் | நூல் செலவு | நீட்சி | பின்பக்கம் | திருத்துவது |
|---|---|---|---|---|---|
| பட்டை | எதுவும் | சாதாரணம், நிறங்களைச் சமமின்றியும் பிரிக்கலாம் | நல்ல நீட்சி | சுமார் | மிக எளிது |
| மொசைக் | பல நிறம் + அமைதியான நிறம், வெளிச்ச வித்தியாசம் அவசியம் | சற்றுக் கூடுதல் | குறைவு | ஒழுங்காக இருக்கும், ஆனால் முன்பக்கம்போல அல்ல | எளிது |
| ஃபேர் ஐல் | டோனல் + வெளிர் நிறம், சூப்பர்வாஷ் அல்லாதது | கூடுதல் | குறைவு | ஓடும் நூல் தெரியும் | நடுத்தரம் |
| பிரியோஷ் | இரண்டும் டோனல், நெருங்கிய நிறமும் சரி | மிகக் கூடுதல், இரண்டும் சமம் | மிக அதிகம் | இரு பக்கமும் முன்பக்கம் | கடினம் |
| டபுள் நிட்டிங் | வெளிச்ச வித்தியாசமுள்ள இரு நிறம் | இரு மடங்கு | நடுத்தரம் | இரு பக்கமும் முன்பக்கம் | கடினம் |

## எந்த முறைக்கும் பொதுவான செலவு: சாயம்

இரண்டு நிறம் சேர்ந்தாலே இந்தக் கவலை வரும். அடர்சிவப்பு, கருநீலம், மயில் நீலம் போன்றவை முதல் நனைப்பிலேயே கூட இருக்கும் வெளிர் நிறத்தில் ஏறிவிடலாம். இத்தனை நாள் வேலையும் ஒரு பக்கெட் தண்ணீரில் போய்விடும். அதனால் உருண்டையாகச் சுற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சிட்டத்தின் ஒரு ஓரத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தச் சிட்டத்துக்கு வேலை இருக்கிறது.

கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம், புளிப்பும் சூடும் சேர்ந்தால்தான் இழையில் பிடிக்கும். எனவே மருந்தும் அதுவே. சிட்டத்தை நான்கைந்து இடத்தில் தளர்வாகக் கட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத பெரிய பாத்திரத்தில் தண்ணீரும் வினிகரும் ஊற்றி, கொதிக்கவிடாமல், லேசாக ஆவி வரும் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். கிளறவோ கசக்கவோ கூடாது. சூப்பர்வாஷ் அல்லாத நூல் கசக்கினால் கம்பளமாக ஒட்டிவிடும். ஆறியதும் அலசினால் பிடிக்காமல் மிச்சமிருக்கும் சாயம் போய்விடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

துணி துவைக்கும் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். அதன் காரத்தன்மை அமிலச் சாயத்தைக் கழற்றிவிடும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் சேர்ப்பது நல்லது. பட்டுக்கும் கம்பளிக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகப் பயன்படும் பூந்திக்கொட்டை நீர் அடர் நிறங்களுக்கு நன்றாக ஒத்துவரும். வெளிர் நிறத்துக்குக் குழந்தைகளின் ஷாம்பு போதும். துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, மின்விசிறிக்கு அடியில் சமமாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் மெரினோ நீண்டுபோகும். காய்ந்த பிறகு பெட்டியில் வைக்கும்போது பாச்சை உருண்டை நூலைத் தொடாமல் ஒரு துணியில் முடிந்து வையுங்கள்.

பரிசாகக் கொடுப்பதென்றால், பெறுபவர் எப்படித் துவைப்பார் என்று யோசித்துவிட்டு நூலை முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மெஷினில்தான் போடுவார்கள். அங்கே சூப்பர்வாஷ் தவிர வேறு வழியில்லை. சூப்பர்வாஷ் என்றானபின் ஃபேர் ஐலைவிட மொசைக்கோ பட்டையோ நிம்மதி தரும்.

## யாருக்கு எது

ஒரு பல நிறச் சிட்டமும் ஒரு அடர் அல்லது வெளிர் டோனல் சிட்டமும் வைத்திருப்பவர், கவுல் பின்ன ஆசைப்பட்டால், மொசைக். தொடக்கத்தில் கேட்ட நீலம், ரோஜா ஆரஞ்சு ஜோடிக்கு என் பதில் இதுதான்.

இரண்டும் டோனல், தலா 100 கிராம், மஃப்ளர் வேண்டும், அவசரமில்லை என்றால் பிரியோஷ். கண்டிப்பாக முதலில் அக்ரிலிக் நூலில் ஒரு கைகுட்டை அளவு பின்னிப் பழகிவிட்டு மெரினோவைத் தொடுங்கள். பிரியோஷின் கைப்பழக்கம் வர ஒரு மாலை போதும், ஆனால் அந்த ஒரு மாலையில் நடக்கும் பிரித்தலும் கட்டலும் விலையுயர்ந்த நூலில் நடக்கக் கூடாது.

சூப்பர்வாஷ் அல்லாத நூல், கடுங்குளிருக்குக் குல்லா, சுற்றுப் பின்னல் ஏற்கெனவே பழக்கம் என்றால் ஃபேர் ஐல். விளிம்பின் உள்பக்கம் நெற்றியில் படும் இடத்துக்கு மட்டும் ஒரே நிறத்தில் ஒரு உள்மடிப்பு கொடுத்துவிட்டால் ஓடும் நூல் உறுத்தாது.

அடுத்த வாரம் பிறந்தநாள், கையில் அளவு சமமில்லாத இரண்டு சிட்டம் என்றால் ஹெலிகல் பட்டையில் ஒரு குல்லா. எளிய முறை என்று இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நல்ல சாயம் போட்ட நூல் தன் அழகைத் தானே சொல்லிக்கொள்ளும்.

இரண்டு சிட்டமுமே பல நிறமாக இருந்தால்? இந்தக் கேள்வியும் நிறையவே வருகிறது, ஏனென்றால் கடையில் கண்ணைப் பறிப்பவை அவைதான். இவை இரண்டையும் ஒரே உருப்படியில் சேர்க்காதீர்கள். எந்த முறையில் பின்னினாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த இரண்டிலும் பொதுவாக வரும் ஒரு நிறத்தைப் பார்த்து வையுங்கள், பெரும்பாலும் ஏதாவது சாம்பலோ கருநீலமோ இருக்கும். அந்த நிறத்தில் டோனல் நூல் வாங்கி, தனித்தனியாக இரண்டு உருப்படி பின்னுங்கள். கூடுதல் செலவுதான். ஆனால் வைத்திருக்கும் இரண்டு சிட்டமும் அப்போதுதான் தங்களுக்குரிய இடத்தில் போய் உட்காரும்.